கிளாஸ் குரூப்பில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. ஏன்?

கரிசல்காரன் (ஞாயிறு, இரவு 10.15)
வணக்கம். விவசாயம், மழை நிலவரம் பகுதியைத் தாண்டி நான் இங்கே எழுதியதில்லை. மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். வகுப்புப் பிள்ளைகளே ஆரம்பித்த வாட்ஸாப் குரூப், 43 பேர், டீச்சர் யாரும் கிடையாது. அவன் போன் டிஸ்ப்ளே உடைந்து கடைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. பேக்கப் எடுக்கும்போது அந்தக் குரூப் கண்ணில் பட்டது. (பிள்ளை போனைப் படிக்கலாமா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். படித்துவிட்டேன்.)

வகுப்பில் ஒரு பையனுக்குத் திக்குவாய். அவன் பாடம் வாசிக்கும்போது, வாய் பாதி திறந்து வார்த்தை வராமல் நிற்கிற அந்த நொடியை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அதை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கி, கீழே 'ப்ப்ப்ப்ரசன்ட் மிஸ்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு இல்லை, 14 ஸ்டிக்கர். யாராவது குட்மார்னிங் போட்டால்கூடப் பதிலுக்கு அதுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம் இதே வேலையாக இருந்திருக்கிறார்கள். அந்தப் பையனே ஒரு இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற ஸ்மைலி போட்டிருக்கிறான். அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எண்ணிப் பார்த்தேன். ஸ்டிக்கர் போட்டது ஐந்தே பேர். மற்றவர்கள் தூங்கிவிட்டார்களா? இல்லை. நடுவில் என் மகன் ஒரு மெசேஜ் போட்டிருக்கிறான். அதை அழுத்திப் பிடித்து இன்ஃபோ பார்த்தால், 36 பேர் அந்த நேரத்திலேயே படித்திருக்கிறார்கள். அவன் போட்ட மெசேஜ் என்ன தெரியுமா? 'பயாலஜி ரெக்கார்ட் என்னைக்கு சப்மிட் பண்ணணும்?' ஒருத்தனை 14 விதமாக வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இவனுக்கு ரெக்கார்ட் கவலை.

கேட்டேன். 'அப்பா, நான் ஒண்ணும் அனுப்பலையே' என்றான். அந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. வளர்ப்பில் எங்கே தப்பு?

பழைய சைக்கிள் (ஞாயிறு, இரவு 10.40)
ஒரு தப்பும் இல்லை. எங்கள் காலத்தில் பட்டப்பெயர் இல்லாதவன் எவன்? பத்தாவது முடிக்கும்வரை எனக்குப் 'பல்லி' என்றுதான் பெயர். இப்போது ரிட்டயர்டு ஆகிப் பேரப்பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பையன் குரூப்பை விட்டு வெளியேற வேண்டியதுதானே? உங்கள் மகன் தன் வேலையைப் பார்த்திருக்கிறான். புத்திசாலி.

சாக்பீஸ் (ஞாயிறு, இரவு 11.30)
சைக்கிள் சார், உங்களைப் பல்லி என்று கூப்பிட்டவர்கள் நாலரை மணி பெல் அடித்ததும் வீட்டுக்குப் போனார்கள். இந்தப் பையனுக்குப் பெல் அடிக்கவே இல்லை. வெளியேறுவதும் அப்படிச் சுலபமில்லை. டெஸ்ட் போர்ஷன் முதல் பஸ் வராத தகவல் வரை எல்லாம் அந்தக் குரூப்பில்தான் வரும். வெளியேறினால் 'அவன் ஃபீல் ஆயிட்டான்டா' என்பது மறுநாள் புதுக் கிண்டல்.

கரிசல் அண்ணே, நான் அரசுப் பள்ளியில் 19 வருஷமாக ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு விஷயம் வந்தபோது, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி எல்லாரிடமும் துண்டுச் சீட்டு வாங்கினேன். கேள்வி ஒன்றே ஒன்று: 'பார்த்தபோது ஏன் எதுவும் சொல்லவில்லை?' சீட்டுகள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. நினைவில் இருப்பதைச் சொல்கிறேன்.

'சொன்னா அடுத்தது நான்தான்.' இதுதான் அதிகம், வேறுவேறு கையெழுத்தில்.
'அவனே சிரிச்சான், அதனால ஜாலின்னு நெனச்சேன்.'
'எனக்கு அவ ஃப்ரெண்ட் இல்ல.'
'மிஸ்கிட்ட சொன்னா போட்டுக்கொடுத்தவன்னு பேர் வரும்.'
'வீட்ல சொன்னா என் போனைப் பிடுங்கிடுவாங்க.'

கடைசிச் சீட்டைப் படித்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாம் நல்லது என்று நினைத்துச் செய்கிற காரியம்தான் பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. இன்னொரு சீட்டில் வெறும் 'தெரியல' என்று இருந்தது. அதை எழுதியவன் அழித்து அழித்து எழுதியதில் பேப்பர் கிழிந்திருந்தது.

எதிர்முனை (திங்கள், காலை 8.05)
'அவனே சிரிச்சான்' என்பதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பேசுகிறேன். அமெரிக்காவில் லத்தானே, டார்லி என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1968இல் ஒரு சோதனை செய்தார்கள். காத்திருப்பு அறையில் ஒருவரை உட்கார வைத்து, சுவரிலிருந்து புகை வரவிட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75% எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். புகையைக் கண்டுகொள்ளாமல் நடிக்கும் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்தபோது, தகவல் சொன்னது 10% மட்டுமே. மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். 'இவங்களே அமைதியா இருக்காங்க, அப்ப ஒண்ணுமில்லை போல.'

கிளாஸ் குரூப்பும் அந்தப் புகை அறைதான். அதைவிட மோசம்கூட. அறையில் இருந்தால் பக்கத்துப் பெண் முகம் சுளிப்பதாவது தெரியும். குரூப்பில் முகம் சுளித்த முப்பது பேரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், சிரித்த ஐந்து பேர்தான் தெரிவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் 'எனக்கு மட்டும்தான் இது பிடிக்கலை போல' என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கும்.

இந்த ஆராய்ச்சிக்கே தூண்டுதலாக இருந்தது 1964இல் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணின் கொலை. 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதி, அது பாடப்புத்தகம் வரை போனது. அந்தக் கணக்கு தப்பு, பலருக்கு என்ன நடக்கிறது என்றே தெரிந்திருக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடிவந்து கிட்டியைக் கையில் ஏந்திக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பத்திரிகையே 2016இல் ஒப்புக்கொண்டது. 36 பேர் படித்தார்கள் என்றதும் 36 கல்நெஞ்சு என்று முடிவு கட்டாதீர்கள் அண்ணே.

வேடிக்கை பார்த்தவள் (திங்கள், காலை 11.20)
இந்த இழைக்காகவே இந்தப் பெயரில் கணக்கு ஆரம்பித்தேன். வயது 20.

லாக்டவுன் சமயத்தில் நான் ஒன்பதாவது. எங்கள் பள்ளி பெயரில் இன்ஸ்டாகிராமில் ஒரு கன்ஃபெஷன் பேஜ் இருந்தது, பெயர் சொல்லாமல் மனசில் இருப்பதை எழுதி அனுப்புகிற பக்கம். நடத்துவது யார் என்று யாருக்கும் தெரியாது. 'எக்ஸை எனக்குப் பிடிக்கும்' என்கிற மாதிரி விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் ஒரு பெண்ணைப் பற்றி வர ஆரம்பித்தது. ஆன்லைன் கிளாஸில் அவள் கேமரா ஆன் பண்ணும்போது பின்னால் வீடு தெரியும். ஒற்றை அறை. கொடியில் துணி, ஓரத்தில் கேஸ் அடுப்பு. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து 'ஹோம் டூர்' என்று போட்டார்கள்.

நான் அதற்கு லைக் போட்டேன். வேண்டுமென்று இல்லை. ஸ்க்ரோல் பண்ணும்போது, எங்கள் செட்டில் எல்லாரும் போட்டிருந்தார்கள், நானும் போட்டேன். விரல்தான் போட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினேன். 'ஃபீல் பண்ணாத, அவங்க லூசுங்க.' அவள் பார்த்துவிட்டாள், பதில் வரவில்லை. ராத்திரி ஒரே ஒரு வரி வந்தது: 'நீயும் லைக் போட்டிருந்த.'

அப்போது போய் லைக்கை எடுத்தேன். 212 இருந்தது 211 ஆனது. என்னை மாதிரி ஒவ்வொருவரும் 'நான் ஒண்ணும் பண்ணலையே' என்றுதான் சொல்லியிருப்போம். அவள் கணக்கில் 212 பேர்.

அதன் பிறகு அவள் கேமரா ஆன் பண்ணவே இல்லை. டீச்சர் 'நெட்வொர்க் பிராப்ளமா' என்று கேட்பார்கள். அத்தனை பேருக்கும் காரணம் தெரியும். மைக் எல்லாம் மியூட்.

பழைய சைக்கிள் (திங்கள், மதியம் 12.10)
லைக் போட்ட பாப்பா ஆறு வருஷம் கழித்து அழுதுகொண்டே புத்தி சொல்ல வந்துவிட்டது. டிஷ்யூ பேப்பர் வேண்டுமா கண்ணு?

மேப்பிள் நிழல் (திங்கள், மாலை 4.30)
நான் கனடாவில, ஸ்கார்பரோவில இருக்கிறன். இங்க டொரொன்டோவில சின்ன வகுப்புப் பிள்ளையளின் விளையாட்டுத் திடலில கமரா வைச்சு, பிள்ளையளுக்கு மைக்கும் குத்தி ஒரு ஆய்வு செய்தவை. 2001இல வெளிவந்தது. கொடுமை நடக்கேக்க 88% தரம் மற்றப் பிள்ளையள் பக்கத்தில நிண்டிருக்கினம். யாராவது குறுக்க போனது 19% தரம்தான். ஆனால் போனால் என்ன நடந்தது எண்டதுதான் விசயம். பாதிக்கு மேல, 57% தரம், பத்து செக்கனுக்குள்ள கொடுமை நிண்டுட்டுது. ஒரு பிள்ளை 'விடடா அவனை' எண்டால் போதும்.

இணையத்தில அந்தப் பத்து செக்கன் இல்லை. நீங்கள் பார்க்கேக்க அது நடந்து முடிஞ்சு ரெண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும். மறிக்கிறதுக்குக் கை இல்லை, ஓட்டம் இல்லை. பிந்தித்தான் எல்லாரும் வருகினம். பிந்தி வந்தபடியால் இனி என்னத்தைச் சொல்லுறது எண்டு போகினம்.

2012இல அமண்டா டொட் எண்ட 15 வயதுப் பிள்ளை பிரிட்டிஷ் கொலம்பியாவில இறந்தது. அதுக்கு முதல் மாதம் கையில மட்டையளைப் பிடிச்சு, ஒண்டும் பேசாமல் ஒரு வீடியோ போட்டிருந்தவள். தனக்கு ஒருத்தரும் இல்லை எண்டு ஒரு மட்டையில இருந்தது. அவள் இருக்கேக்க அதைப் பார்த்ததைவிட, போனபிறகு பார்த்த சனம் எவ்வளவோ மடங்கு. என்ர மகளுக்கு அப்ப 13. 'அம்மா, நாங்கள் எல்லாரும் லேட்' எண்டாள். வேற ஒண்டும் சொல்லேல்லை.

எதிர்முனை (திங்கள், மாலை 6.15)
ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வேடிக்கை பார்த்தவள் எழுதியதற்குக் கீழே சைக்கிள் சார் போட்ட டிஷ்யூ பேப்பர் கமென்டை மதியமே பார்த்தேன். இப்போது மணி ஆறேகால். இழையின் பார்வை எண்ணிக்கை அதற்குள் 140 கூடியிருக்கிறது. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும்தான். 'பெரியவர், அப்படித்தான் பேசுவார்', 'மட்டுறுத்துநர் பார்த்துக்கொள்வார்', 'ஆபீசில் இருக்கிறேன்', இப்படி மூன்று சாக்கு என் மண்டையில் ஓடியது. எனக்கு வயது 38.

சைக்கிள் சார், அது தப்பு. அந்தப் பெண்ணிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

மட்டுறுத்துநர் (திங்கள், மாலை 6.50)
புகார் ஒன்றுகூட வரவில்லை, அதனால் கவனிக்கவில்லை. கமென்டை நீக்கலாமா என்று 'வேடிக்கை பார்த்தவள்' அவர்களிடம் தனிமடலில் கேட்டேன். இருக்கட்டும் என்றார். இருக்கிறது.

பழைய சைக்கிள் (திங்கள், இரவு 8.00)
சரி. அந்த வரி வேண்டாததுதான். மன்னிச்சுக்கோம்மா.

ஆனால் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. 16 வயசுப் பையனை எதற்கு வீரனாக இருக்கச் சொல்கிறீர்கள்? அவன் அந்த ஐந்து பேரோடு இன்னும் ஒன்றரை வருஷம் ஒரே ரூமில் உட்காரணும். நீங்கள் எல்லாரும் புனைபெயரில் பேசுகிறீர்கள், அவன் சொந்தப் பெயரில், சொந்த முகத்தில் பேசணும். எதிர்முனைக்கே ஆறு மணி நேரம் ஆனது.

சாக்பீஸ் (திங்கள், இரவு 9.10)
இது நியாயமான கேள்வி சார். பதில் என்னிடமும் முழுசாக இல்லை.

ஃபின்லாந்தில் சால்மிவல்லி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1996இலேயே இதைப் பாகம் பிரித்துச் சொன்னார்கள். கொடுமை செய்பவன், அவனுக்குக் கைகொடுப்பவன், சிரித்து உற்சாகப்படுத்துபவன், ஒதுங்கி நிற்பவன், பாதிக்கப்பட்டவனுக்காக நிற்பவன். அங்கே கீவா என்ற பள்ளித் திட்டமே இந்த அடிப்படையில்தான் எழுந்தது. முரடனைத் திருத்துவதைவிட அவனுக்குக் கிடைக்கும் கைதட்டலைக் குறைப்பது சுலபம் என்பது அவர்கள் கணக்கு. ஸ்டிக்கருக்கு ஒரு சிரிப்பும் விழவில்லை என்றால் பதினைந்தாவது ஸ்டிக்கர் வராது. அதாவது வீரம் கட்டாயமில்லை, சிரிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இந்தப் பாகங்களைச் சாதி மாதிரி பிறவியிலேயே ஒட்டிவைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2011இல் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது. சமூக வலைத்தளங்களில் கொடுமையைப் பார்த்தவர்களில் 90% பேர் கண்டுகொள்ளாமல் போனதுண்டு என்றார்கள். 80% பேர் பாதிக்கப்பட்டவருக்காகப் பேசியதும் உண்டு என்றார்கள். 21% பேர் தாங்களும் சேர்ந்து கிண்டல் செய்ததுண்டாம். கூட்டிப் பாருங்கள், நூறைத் தாண்டிப் போகிறது. ஒரே பிள்ளைதான் ஒரு நாள் பேசுகிறது, ஒரு நாள் ஒதுங்குகிறது. தோழி என்றால் பேசும், பெஞ்ச் தள்ளி உட்காருகிறவன் என்றால் பேசாது. அன்றைக்கு அதற்கே வீட்டில் திட்டு விழுந்திருந்தால் எதுவும் செய்யாது.

தனியாக ஒரு மெசேஜ் போடுவதையும் குறைத்து எடைபோட மாட்டேன். என்னிடம் படித்த ஒருத்தி, இதே மாதிரி மாட்டிக்கொண்டவள், பிறகு சொன்னாள்: 'குரூப்ல யாரும் பேசலன்னு கோவம் இல்ல சார். மறுநாள் காலைல பஸ்ல பக்கத்து சீட் காலியா இருந்துச்சு, அதான்.'

மெயின்ரோடு வக்கீல் (திங்கள், இரவு 10.25)
சுருக்கமாகச் சட்டம். ஸ்டிக்கரோடு நின்றால் பள்ளி, பெற்றோர் மட்டத்திலேயே முடிக்கப் பாருங்கள். ஆனால் குரூப்பில் வந்தது ஒரு மைனரின் ஆபாசப் படமோ மார்ஃபிங்கோ என்றால் கதையே வேறு. போக்சோ சட்டம் பிரிவு 19படி குற்றம் தெரிந்தவர் தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பிரிவு 21இல் தண்டனை உண்டு, ஆனால் அது குழந்தைகளுக்குப் பொருந்தாது. பார்த்துவிட்டுச் சும்மா இருந்த மகனை அந்தப் பிரிவு தொடாது, மகன் போனில் பார்த்துவிட்டுச் சும்மா இருந்த அப்பாவைத் தொடும்.

வாட்ஸாப்பில் ஆட்டோ டவுன்லோடு ஆகி கேலரியில் தூங்கும் படங்கள் இன்னொரு தலைவலி. போனில் வைத்திருந்தது மட்டுமே குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே வருஷம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. ஆட்டோ டவுன்லோடை இன்றைக்கே அணைக்கச் சொல்லுங்கள். புகாருக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. மத்திய உள்துறையின் சைபர் குற்ற இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலே தரலாம். அந்தப் பையன் மனம் உடைந்து பேசினால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

எதிர்முனை (திங்கள், இரவு 10.40)
கூடவே ஒன்று: வாட்ஸாப்பில் ஒரு மெசேஜை ரிப்போர்ட் பண்ணினால் அனுப்பியவனுக்குத் தெரியாது. பிள்ளைகள் பலர் தெரிந்துவிடும் என்று பயந்துகொண்டு இருக்கிறார்கள்.

வேடிக்கை பார்த்தவள் (திங்கள், இரவு 11.05)
கரிசல் அண்ணா, ஒன்று கேட்கணும். உங்கள் பையன் ரெக்கார்ட் பற்றிக் கேட்ட மெசேஜ் எத்தனை மணிக்குப் போட்டது? அதற்கு அடுத்து குரூப்பில் என்ன வந்தது? ஸ்டிக்கர்களை விட்டுவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். காலேஜில் நாங்கள் இப்படி ஒன்று செய்வோம். அதனால்தான் கேட்கிறேன்.

கரிசல்காரன் (செவ்வாய், காலை 6.20)
எல்லாருக்கும் நன்றி. சைக்கிள் அண்ணாச்சிக்கும்.

அந்தத் தங்கச்சி சொன்னபடி மறுபடி படித்தேன். பேக்கப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 9.52க்கு இவன் 'ரெக்கார்ட் என்னைக்கு சப்மிட் பண்ணணும்' என்று கேட்டிருக்கிறான். ஒரு பிள்ளை 'புதன்' என்று சொல்கிறது. இன்னொருத்தன் எத்தனை டயகிராம் என்கிறான். ஏழெட்டு நிமிஷம் ஒரே ரெக்கார்ட் பேச்சு, ஸ்டிக்கர் இல்லை. 10 மணிக்கு ஒருத்தன் மறுபடி ஸ்டிக்கர் போடுகிறான். 10.01க்கு இவன் 'இன்டெக்ஸ் பேஜும் எழுதணுமா?' என்கிறான். மறுபடி நாலைந்து பேர் பதில் சொல்கிறார்கள். 10.09க்கு இன்னொரு ஸ்டிக்கர். 10.10க்கு இவன் 'கலர் பென்சில் ஷேடிங் ஓகேவா?' அதற்கு ஒரு பெண் பிள்ளை இவ்வளவு நீளத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறது. அதுவும் தெரிந்தேதான் எழுதியதா, எனக்குத் தெரியாது. அதன் பிறகு அன்றைக்கு ஸ்டிக்கர் வரவில்லை.

அவன் தூங்கிக்கொண்டிருந்தான். மேஜையில் இருந்த ரெக்கார்டை எடுத்துப் பார்த்தேன். டயகிராம் எல்லாம் முடித்து, ஷேடிங் போட்டு, இன்டெக்ஸ் எழுதி, கடைசிப் பக்கத்தில் டீச்சர் கையெழுத்து. தேதி போன மாதம் 28.

எழுப்பிக் கேட்டேன். 'சும்மா கேட்டேன்ப்பா' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.